மூன்று நொடி அதிர்வும் மூன்று வார விழிப்பும்

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன்பு, இரவு பதினொன்றரை மணியளவில் படுத்திருந்தபோது, கட்டிலைக் கீழிருந்து யாரோ ஓங்கித் தட்டியது போல இருந்தது. அலமாரிக் கண்ணாடி இரண்டு மூன்று நொடிகள் கடகடவென்று ஆடி அடங்கியது. அடுத்த அறையில் நடமாடிக்கொண்டிருந்த என் கணவர் எதையுமே உணரவில்லை. தெருவில் லாரி போயிருக்கும் என்றார். மறுநாள் 2.8 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதாக அறிவித்தார்கள். அன்று முதல் படுத்தாலே கட்டில் அசைவதாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து, கூரையிலிருந்து தொங்கும் விளக்கு ஆடுகிறதா என்று பார்க்கிறேன், கைப்பேசியிலும் தேடுகிறேன். சிறிய அதிர்வுகள் வந்தால் பூமியின் அழுத்தம் குறையும், நல்லதுதான் என்கிறார் ஒருவர்; பெரியது வரப்போவதன் அறிகுறி என்கிறார் இன்னொருவர். நான் உணர்வதை நம்பலாமா, கூடாதா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அன்றிரவு நீங்கள் உணர்ந்தது நிலநடுக்கம்தான். அதற்குப் பிறகு இரவுதோறும் உணர்ந்துவருவதில் மிகப் பெரும்பகுதி நிலநடுக்கமாக இருக்க வாய்ப்பில்லை. இப்படிச் சொல்வதால் உங்கள் கணவர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். லாரி என்று அவர் சொன்னது தவறு. தாம் எதையும் உணரவில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை. நில அதிர்வுகளைப் பதிவுசெய்யும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். சிறு அதிர்வு ஒன்று வந்த சில நிமிடங்களில் எங்கள் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். அழைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது “இது நிலநடுக்கமா?” என்று அல்ல, “எனக்கு மட்டும்தான் அப்படி இருந்ததா?” என்றுதான். உங்கள் கடிதத்தின் அடியிலும் அந்தக் கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் உடல் கூர்மையான அதிர்வுமானிதான், ஆனால் யாரும் அளவு திருத்தி வைக்காத ஒன்று. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. உடல் எந்தத் திசையில் நகர்ந்தாலும் அத்துகள்கள் சற்றுப் பின்தங்கி நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. வேகமான நடுக்கத்தைத் தோலும் மூட்டுகளும் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் படுத்திருக்கும் ஒருவர், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கே உள்ள அதிர்வைக்கூட உணர்ந்துவிட முடியும். நடப்பவரின் நிலை வேறு. ஒவ்வொரு காலடியும் அவர் உடலுக்குள் எழுப்பும் அதிர்ச்சி அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், தரையிலிருந்து வரும் மெல்லிய செய்தி அந்த இரைச்சலில் கரைந்துபோகும். உங்கள் கணவர் கவனக்குறைவாக இருந்துவிடவில்லை, நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மாடிக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உடையது. மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு நொடி என்று தோராயமாகக் கணக்கிட்டால், நான்கு மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப அரை நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். அதற்கு இசைவான அலைகள் வந்தால் கீழ்த்தளத்தைவிட மேல்தளம் அதிகமாக ஆடும். இத்தாலியரான மெர்கால்லியின் பெயரைத் தாங்கி, 1931-இல் வுட், நியூமன் ஆகிய இருவரும் திருத்தியமைத்த பன்னிரண்டு படிகள் கொண்ட தீவிர அளவுகோலில் இரண்டாம் படிக்குரிய விளக்கத்தைப் பார்த்தால் உங்களைக் கண்டே எழுதியது போல இருக்கும்: ஓய்வாக இருக்கும் மிகச் சிலரால், குறிப்பாக மேல்மாடிகளில் இருப்பவர்களால் மட்டுமே உணரப்படுவது. மூன்றாம் படியில் உங்கள் கணவரின் லாரியும் வந்துவிடுகிறது. கனரக வாகனம் கடந்துசெல்வது போன்ற அதிர்வு என்றும், பலர் அதை நிலநடுக்கம் என்றே அறிந்துகொள்வதில்லை என்றும் அந்த அளவுகோலே கூறுகிறது. மனித உணர்வை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய அளவீட்டை யாரும் ஏளனம் செய்துவிட முடியாது. நிலநடுக்கங்களோடு வாழும் ஜப்பானில்கூட 1990-களின் நடுப்பகுதி வரை, அதிர்வின் படியை வானிலை நிலையப் பணியாளர்கள் தங்கள் உடலால் உணர்ந்தும் சுற்றுப்புறத்தைக் கண்ணால் பார்த்தும்தான் தீர்மானித்தார்கள்.

கட்டிலைக் கீழிருந்து தட்டியது போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லே எனக்குப் பெரிய சான்று. நிலநடுக்கத்தில் முதலில் வருவது பி அலை. பாறையில் நொடிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அந்த அலை, மேற்பரப்பை அடையும்போது பெரும்பாலும் செங்குத்தாக உதைக்கும். பக்கவாட்டில் உலுக்கும் எஸ் அலை அதைவிட மெதுவானது. நிலநடுக்க மையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போகப் போக இரண்டுக்கும் இடைவெளி சுமார் ஒரு நொடி கூடும். முதலில் ஒரு தட்டு, உடனே ஒரு கடகடப்பு, மூன்று நொடிக்குள் அமைதி என்றால், அருகில், சிறிதாக ஒன்று நிகழ்ந்திருக்கிறது என்றுதான் பொருள். சிலருக்குத் தொலைவில் வெடி வெடித்தது போன்ற ஓசையும் கேட்கும். பி அலையின் வேகமான துடிப்புகள் தரையிலிருந்து காற்றுக்குள் கடந்து ஒலியாகிவிடுவதே காரணம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு அருகே 2018-இல் நிலவெப்பத் திட்டம் ஒன்றுக்காக ஆழ்துளைக்குள் நீரைச் செலுத்தியபோது, 2-க்கும் குறைவான அளவுள்ள அதிர்வுகளையே அங்குள்ளவர்கள் இடியோசை போலக் கேட்டார்கள். உடல் அசைவை உணராதவர்களும் காதால் அறிந்தார்கள்.

லாரியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மேசையில் அமர்ந்து கடந்த வாரத்து அதிர்வுப் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேனாத் தாங்கியில் பேனாக்கள் சலசலத்தன. மேல்தளத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று எரிச்சலுடன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வேலையில் ஆழ்ந்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் அதிர்வின் கோடு ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான், அந்தக் கட்டடத்துக்கு மேல்தளமே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. எதிர்பாராத ஒன்று நிகழும்போது, கையருகே உள்ள காரணத்தையே மனம் முதலில் எடுத்துக்கொள்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், பக்கத்து வீட்டுக் கதவு, குழந்தைகளின் ஓட்டம் என்று எதுவாகவும் அது இருக்கலாம். அக்காரணம் பொருந்தவில்லை என்றால், அருகில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். அவரும் உணர்ந்திருந்தால் நம்புகிறோம், இல்லையென்றால் நம் மீதே சந்தேகம் கொள்கிறோம். அன்றிரவு உங்களுக்கு நேர்ந்தது இதுவே. ஒருமுறை உங்கள் உணர்வை மறுத்துவிட்டு, மறுநாள் அது சரி என்று அறிவிப்பு வந்ததால், இனி எந்த அசைவையும் மறுக்கக் கூடாது என்று உங்கள் மனம் முடிவு செய்துவிட்டது.

அந்த முடிவின் விளைவைத்தான் இந்த மூன்று வாரங்களாக அனுபவிக்கிறீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும்போது உடல் எதிர்த்திசையில் மிக நுண்ணளவில் அசைகிறது. மெத்தையில் படுத்திருப்பவரிடம் கருவியால் அளக்கக்கூடிய அசைவு அது. உறக்கத்துக்குள் நழுவும் கணத்தில் தசைகள் திடுமெனத் துள்ளுவதும் பெரும்பாலோர் அறிந்த அனுபவமே. இவையெல்லாம் முன்பும் உங்களுக்கு இருந்தன. கவனம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது காவலுக்கு ஆள் போட்டது போல நரம்புகள் விழித்திருக்கின்றன, பதற்றத்தில் இதயமும் வேகமாகத் துடிக்கிறது, அத்துடிப்பே கட்டிலின் அசைவாகத் தெரிகிறது. ஜப்பானியர் இதற்கு ‘ஜிஷின்-யோய்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கப் போதை என்று பெயர்க்கலாம். 2011-இல் அங்கு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகும் 2016-இல் குமமோட்டோவிலும், தரை அசையாத வேளைகளில் அசைவதாக உணர்ந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பட்டது பேரதிர்வுகள். உங்களைத் தாக்கியது மிகச் சிறியது. எனினும் உடல் கையாளும் வழி ஒன்றுதான்.

இனி விளக்குக்கு வருவோம். கூரையிலிருந்து ஒரு மீட்டர் கயிற்றில் தொங்கும் விளக்கு ஒருமுறை ஆடிவர ஏறத்தாழ இரண்டு நொடி எடுக்கும். அருகில் நிகழும் சிறு நிலநடுக்கமோ நொடிக்கு ஐந்து, பத்து, இருபது முறை துடிக்கிறது. இவ்வளவு வேகமான துடிப்புக்கு அந்த விளக்கு அசைந்துகொடுக்காது. தொலைதூரத்துப் பெரிய நிலநடுக்கத்தின் மெதுவான அலைக்குத்தான் ஆடும். ஆக, உண்மையான சிறு அதிர்வு வந்தாலும் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மின்விசிறிக் காற்றுப்பட்டால் காரணமின்றி ஆடும். உங்களை இரண்டு வகையிலும் ஏமாற்றக்கூடிய சாட்சி அது. அதற்குப் பதிலாக, காற்றுப் படாத ஒரு மூலையில் அகலமான கிண்ணத்தில் நீர் வைத்து, சிறிய இரவு விளக்கின் ஒளி அதில் சாய்வாக விழுமாறு அமைத்துப் பாருங்கள். நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளித்திட்டு சுவரில் தெரியும். யாராவது அறையில் நடந்தாலே அந்தத் திட்டு நடுங்குவதைக் காண்பீர்கள். கட்டில் ஆடுவதாக உங்களுக்குத் தோன்றும் நேரத்தில் சுவரில் உள்ள ஒளி அசையாமல் நின்றால், அசைவு உங்களுக்குள்தான் இருக்கிறது. ஓரிரு இரவுகள் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அதுவே இன்னொரு காவல் வேலையாகிவிடக் கூடாது.

நேர அளவும் உதவும். 3 அளவுக்குக் கீழான நிலநடுக்கத்தில் பாறை உடைந்து நகரும் செயல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அருகில் இருப்பவர் உணர்வதும் சில நொடிகளே. அரை நிமிடம் தொடர்ந்து தாலாட்டுவது போல உணர்ந்தால் அது அருகில் நிகழ்ந்த சிறு நிலநடுக்கமாக இருக்க முடியாது. எங்கோ தொலைவில் நிகழ்ந்த பெரியதாக இருக்கலாம், அல்லது தலைசுற்றலாக இருக்கலாம். பெரியதாக இருந்தால் அதை அறிந்துகொள்ள நீங்கள் தேட வேண்டியிராது; செய்தியே உங்களைத் தேடி வரும்.

கைப்பேசியில் தேடுவதுதான் எனக்கு அதிகக் கவலையளிக்கிறது. உலகெங்கும் ஆண்டுக்கு 2 முதல் 2.9 வரை அளவுள்ள நிலநடுக்கங்கள் சுமார் 13 லட்சம் நிகழ்வதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டுக்கும் மேல். நள்ளிரவில் எப்போது எழுந்து பார்த்தாலும், அந்த நேரத்துக்கு நெருங்கிய ஏதோ ஒரு பதிவு ஏதோ ஓர் இடத்திலிருந்து பட்டியலில் இருக்கத்தான் செய்யும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்த 2.5 அளவு அதிர்வை எவருடைய உடலும் உணர்ந்திருக்க வழியில்லை. ஆனால் அரைத் தூக்கத்தில் பார்க்கும் கண்ணுக்கு நேரம் மட்டுமே தெரியும், தொலைவு தெரியாது. தேடுவதற்கு முன்பு எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, படுத்திருந்தீர்களா, பொருள் ஏதேனும் ஓசை எழுப்பியதா என்று நான்கு வரி போதும். எழுதிய பிறகு மறுநாள் காலையில் ஒரே ஒருமுறை, உங்கள் ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் மட்டும் பாருங்கள். இரவில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

அழுத்தம் குறையும் என்று சொன்னவருக்கு எளிய கணக்கு ஒன்று பதிலாகும். ரிக்டர் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. 2.8 அளவிலிருந்து 6.8-க்குப் போக நான்கு படி. அதாவது பத்து லட்சம் மடங்கு. ஒரு பெரிய நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சிறியவை தீர்த்துவிட வேண்டுமானால், உங்கள் கட்டிலைத் தட்டியது போன்றவை பத்து லட்சம் வர வேண்டும். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் பொய்களில் இது மிகவும் பரவலானது. நிபுணர் எனப்படுவோர் வாயிலிருந்தும் இதைக் கேட்டிருக்கிறேன் என்பதால் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

பெரியது வரப்போகிறது என்பவருக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்குள் அதே பகுதியில் அதைவிடப் பெரியது வருவதற்கான வாய்ப்பு, பொதுவாக நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து. இதில் “அதைவிடப் பெரியது” என்பதைக் கவனியுங்கள், 2.8-க்குப் பிறகு வரும் 3.0-உம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பேரழிவு தரும் அளவில் வரும் வாய்ப்பு இதைவிட மிக மிகச் சிறியது. உங்களுக்கு மூன்று வாரமும் கடந்துவிட்டது. ஆனால் அந்த வாய்ப்பு பூஜ்யம் அல்ல. எந்த அதிர்வு முன்னதிர்வு என்று முன்கூட்டியே பிரித்தறியும் வழி எங்களிடம் இல்லை.

நான் உங்களுக்கு “ஒன்றும் ஆகாது” என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. இத்தாலியின் லாக்குவிலா நகரத்தில் 2009-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியேறி, திறந்த வெளியில் இரவைக் கழிப்பது அங்குள்ள பலருக்குத் தலைமுறைப் பழக்கம். மார்ச் இறுதியில் நிபுணர் குழுவின் கூட்டத்தையொட்டி, நிலைமை சாதகமானது, ஆற்றல் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்ற தொனியில் அதிகாரி ஒருவர் மக்களுக்கு ஆறுதல் கூறினார். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. 309 பேர் மாண்டார்கள். அந்த ஆறுதலை நம்பி அன்றிரவு வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்று குடும்பத்தினர் நீதிமன்றத்தில் கூறினர். விஞ்ஞானிகள் ஆறு பேர் 2012-இல் தண்டிக்கப்பட்டு, 2014-இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வழக்கின் சரி தவறு குறித்து என் துறையினரிடையே இன்றும் வாதம் நடக்கிறது. என்னைப் பொறுத்தவரை, பயப்படாதே என்று சொல்லும் அவசரத்தில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதே அங்கு நேர்ந்த பிழை.

மாறாக இன்னொரு ஊரும் உண்டு. ஜப்பானின் மத்சுஷிரோவில் 1965 ஆகஸ்டில் தொடங்கிய அதிர்வுத் திரள், ஓய்ந்து முடிவதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது; அவற்றில் 60,000-க்கும் மேற்பட்டவற்றை மக்கள் உடலால் உணர்ந்தார்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கில். உறக்கம் போயிற்று, வீடுகள் விரிசல் விட்டன, ஆனாலும் பேரழிவு தரும் ஒன்று வரவில்லை. பொருளும் வேண்டாம், பணமும் வேண்டாம், ஆராய்ச்சியே வேண்டும் என்று அந்த ஊரின் தலைவர் கேட்டதாகச் சொல்வார்கள். திரள் எப்படி முடியும் என்பது அதைக் கடந்துகொண்டிருக்கும்போது லாக்குவிலாவுக்கும் தெரியாது, மத்சுஷிரோவுக்கும் தெரியாது. உங்கள் பகுதியில் திரள்கூட இல்லை; ஒரே ஓர் அதிர்வுதான்.

மறுபடி ஒன்று வந்தால் என்ன செய்வது? படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். விழித்திருந்தால் உறுதியான மேசையின் கீழ் பதுங்கி அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருந்தால் நீங்கள் கதவை எட்டுவதற்குள் முடிந்துவிடும். பெரியதாக இருந்தால் மாடிப்படியில் ஓடுவது ஆபத்தானது. முதல் இரண்டு நொடிகளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், எந்த அதிர்வுக்கும் இதே பதில்தான். இதைவிட முக்கியமானது பகலில் செய்ய வேண்டியது: கடகடத்த அந்தக் கண்ணாடி அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணைத்துவிடுங்கள், கட்டிலுக்கு மேலே கனமான படமோ தட்டோ இருந்தால் இடம் மாற்றுங்கள். இரவில் உங்களைக் காவல் காக்கவைக்கும் பயத்தில் பாதி, உண்மையில் இந்த அலமாரியைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

தலைசுற்றலோடு காது இரைச்சல், கேட்கும் திறனில் குறைவு, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், இன்னும் இரண்டு வாரம் கடந்தும் உறக்கம் திரும்பவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் செல்வதில் தயக்கம் வேண்டாம். மூன்று வாரத் தூக்கமின்மை சிறிய விஷயமல்ல.

கடைசியாக, எனக்காக ஒரு வேலை. நிலநடுக்கத்தை உணர்ந்த பொதுமக்களின் குறிப்புகளைப் பல நாடுகளின் நில அதிர்வு மையங்கள் இணையம் வழியாகப் பெற்றுக்கொள்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய அத்தகைய படிவத்தை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் நிரப்பலாம். நாட்கள் கடந்தும் அனுப்பலாம். அன்றிரவுக் குறிப்பை அதில் பதியுங்கள்: நான்காவது மாடி, படுத்திருந்தேன், கீழிருந்து ஒரு தட்டு, கண்ணாடி கடகடத்தது. பிறகு உங்கள் கணவரையும் அமரவைத்து, அதே கட்டடம், அதே மாடி, நடந்துகொண்டிருந்தேன், உணரவில்லை என்று தனியாக ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். உணர்ந்தவர்களே எழுதுவார்கள், உணராதவர்கள் எழுத மாட்டார்கள் என்பதால் எங்கள் வரைபடங்கள் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அவருடைய “இல்லை” எங்களுக்கு அரிதாகவே கிடைப்பது.

அன்புடன்,
நில அதிர்வியல் ஆலோசகர்